ஒரே மொழி, வேறு பொருள்: மெயின்ஃப்ரேமிலிருந்து ஸ்பார்க் வரை வினவல்களின் இடப்பெயர்ச்சி

கணிப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்தக் கருவி வந்தது, அதன் வேகம் என்ன, விலை எவ்வளவு குறைந்தது என்று அந்த வரலாறு நீளும். அந்த இயந்திரங்களிடம் மனிதர்கள் என்ன கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள் என்பது அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருப்பது அந்த அடிக்குறிப்பின் வரலாற்றை.

கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக, உலகெங்கும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் ஒரு பெரும் இடப்பெயர்ச்சியில் ஈடுபட்டுள்ளன. மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினியில், டிபி2 போன்ற தரவுத்தளங்களின்மேல் பல்லாண்டுகளாக ஓடிவந்த வினவல்களை, நூற்றுக்கணக்கான சிறு கணினிகளில் வேலையைப் பகிர்ந்து செய்யும் ஸ்பார்க் போன்ற அமைப்புகளுக்கு அவை மாற்றி வருகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இது எளிய வேலை. பழைய இடத்திலும் புதிய இடத்திலும் வினவல் மொழி எஸ்க்யூஎல்தான். ஒரே மொழியில் எழுதிய வாக்கியத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பதற்கு என்ன தடை இருக்க முடியும்? ஆயினும் இப்பணிகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. வாக்கியம் பிழையின்றி ஓடி, விடை மட்டும் மாறிவிடுகிறது. ஒரு வாக்கியத்தின் பொருள் முழுவதும் அதன் சொற்களிலேயே இருப்பதில்லை என்பதைத் தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணிப்பொறி மொழிக்கும் அது பொருந்தும் என்பதே இந்த வரலாறு காட்டும் உண்மை. அதை விளங்கிக்கொள்ளச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நிலவுக்குப் போன பட்டியல்

ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 என்ற கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. இன்றைய மெயின்ஃப்ரேம்களின் மூதாதை இதுவே. ஒரு பொறிக்கு எழுதிய நிரல் அதே குடும்பத்தின் மற்றப் பொறிகளிலும் ஓட வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பின்வந்த தலைமுறைகளும் இக்கொள்கையைக் கைவிடவில்லை. 2025ல் ஐபிஎம் வெளியிட்ட இசட்17 வரை அந்த வமிசம் அறுபடாமல் வருகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய நிரல்கள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தத் தொடர்ச்சியே காரணம்.

1966ல் அப்பல்லோ திட்டத்துக்காக ஐபிஎம், ராக்வெல், கேட்டர்பில்லர் ஆகிய நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒன்றுகூடினர். நிலவுக்குச் செல்லும் ஊர்திக்கும் அதைச் சுமக்கும் ராக்கெட்டுக்கும் பல இலட்சம் பாகங்கள். எந்தப் பாகம் எதனுள் அடங்கும் என்ற பட்டியலைக் காகிதத்தில் காப்பது இயலாத செயல். அவர்கள் உருவாக்கிய அமைப்பின் முதல் செய்தி, ‘ரெடி’ என்ற ஒரே சொல், கலிஃபோர்னியாவின் டவுனி நகரில் 1968 ஆகஸ்ட் 14 அன்று தோன்றியது. ஐஎம்எஸ் என்ற பெயரில் அது பின்னர் வணிக உலகுக்கு வந்தது.

ஐஎம்எஸ்ஸில் தரவு ஒரு மரம் போல் கிளைத்திருக்கும். ஊர்தி என்ற வேரிலிருந்து உறுப்புகள், உறுப்புகளிலிருந்து சிற்றுறுப்புகள், அவற்றிலிருந்து திருகுகள். ‘இந்த எஞ்சினில் என்னென்ன திருகுகள் உள்ளன?’ என்று கேட்டால் விடை விரைவில் வரும். ‘இந்தத் திருகு எந்தெந்த எஞ்சின்களில் உள்ளது?’ என்று திருப்பிக் கேட்டால் மரம் முழுவதும் ஏறி இறங்க வேண்டும். கேட்பவர் தரவின் அமைப்பை அறிந்தவராக, ஒவ்வொரு கிளையிலும் எப்பக்கம் திரும்புவது என்று சொல்பவராக இருக்க வேண்டும். அக்காலத்தின் மற்றொரு முன்னோடியான சார்ல்ஸ் பேக்மன், 1973ல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் நிரலாளரை மாலுமியாக உருவகித்தார். தரவுக்கடலில் வழியறிந்து செலுத்துபவர் என்பது கருத்து. மரியாதைக்குரிய உருவகம்தான். ஆனால் வழியறியாதவர் அக்கடலில் இறங்கவே இயலாது.

வழியைச் சொல்லாமல் கேட்பது

இந்நிலையை மாற்றியவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, ஐபிஎம்மின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய கணிதர். 1970 ஜூன் மாதம் அவர் வெளியிட்ட கட்டுரை, தரவை வெறும் அட்டவணைகளாகக் காண வேண்டும் என்றது. அட்டவணைகளுக்கிடையே நிலையான பாதைகள் கிடையா. கேட்பவர் தமக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். அதை எவ்வழியில் எடுப்பது என்பது இயந்திரத்தின் பொறுப்பு.

1974 மே மாதம் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் நடந்த கருத்தரங்கில் பேக்மன் தரப்பும் காட் தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன. அதே கருத்தரங்கில் டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரு இளைஞர்கள் ‘சீக்வல்’ என்ற வினவல் மொழியை முன்வைத்தனர். கணிதக் குறியீடுகளை விடுத்து, சாதாரண ஆங்கில வாக்கியம் போல் அமைந்த மொழி. ‘வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து, கிளை எண் 12 ஆக உள்ளோரின் பெயரையும் இருப்பையும் எடு’ என்று சொல்வது போன்ற தொடரமைப்பு. பாய்ஸ் அதே ஆண்டில், இருபதுகளின் இறுதியைக்கூடக் காணாமல் மறைந்தார். சீக்வல் என்ற பெயருக்கு ஒரு பிரித்தானிய விமான நிறுவனம் வணிக உரிமை கொண்டிருந்ததால், உயிரெழுத்துகள் நீங்கிப் பெயர் எஸ்க்யூஎல் என்று சுருங்கியது.

வழியை இயந்திரமே தேரும் என்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் என்ற ஆய்வுத்திட்டத்தில், பட்ரீசியா செலிங்கரும் அவர்தம் குழுவினரும் 1979ல் அதற்கு விடை கண்டனர். ஒரே வினவலுக்குப் பல வழிகளை வகுத்து, ஒவ்வொன்றின் செலவையும் மதிப்பிட்டு, குறைந்த செலவிலான வழியைத் தெரிவு செய்யும் உகப்பாக்கி அது. 1979ல் ஆரக்கிள், 1981ல் ஐபிஎம்மின் எஸ்க்யூஎல்/டிஎஸ், 1983ல் மெயின்ஃப்ரேமுக்கான டிபி2 என்று வணிகப் படைப்புகள் வெளிவந்தன. 1986ல் அமெரிக்கத் தரநிறுவனம் எஸ்க்யூஎல்லைத் தரமொழியாக ஏற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேள்வியையும் வழியையும் பிரித்ததுதான் காட்டின் சாதனை. அப்படிப் பிரித்துவிட்டால், கேள்வியை எந்த இயந்திரத்துக்கும் கொண்டுசெல்லலாம் என்ற வாக்குறுதியும் அதற்குள் மறைந்திருந்தது. அவ்வாக்குறுதி எந்த அளவு நிறைவேறியது என்பதே நம் கேள்வி.

மெயின்ஃப்ரேம் என்னும் நிலம்

எந்த மொழியும் வெற்றிடத்தில் வாழ்வதில்லை. டிபி2 வாழ்ந்த நிலத்துக்கென்று சில வழக்குகள் இருந்தன.

முதலாவது எழுத்து. மெயின்ஃப்ரேம் பயன்படுத்தும் எழுத்துக்குறிமுறை எப்சிடிக். மற்றக் கணினிகள் பின்பற்றியது ஆஸ்கி, பின்னர் யூனிகோடு. திஸ்கியில் எழுதிய தமிழ்ப் பக்கத்தை யூனிகோடு என்று எண்ணித் திறந்தவர்களுக்கு, குறிமுறை மாறினால் என்ன நேரும் என்று தெரியும்.

இரண்டாவது எண். நம் ஊர்ப் பெயர் போலவே ஒலிக்கும் கோபால் என்ற நிரல்மொழி, 1959-60ல் வணிகக் கணக்குகளுக்கென்றே உருவானது. பணத்தொகைகளை அது பெரும்பாலும் ‘பொதிந்த பதின்மம்’ என்ற முறையில் எழுதும். ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கங்கள், இறுதி அரைபைட்டில் கூட்டல் கழித்தல் குறி. 12345 என்ற எண் இவ்வாறு மூன்றே பைட்டுகளில் அடங்கும். கோப்பைத் திறந்து பார்த்தால் அங்கே எண் இருப்பதே தெரியாது. எந்தப் பைட்டு எழுத்து, எந்தப் பைட்டு எண் என்பதைச் சொல்வது ‘காப்பிபுக்’ எனப்படும் தனிக்குறிப்பு மட்டுமே.

மூன்றாவது தேதி. இடத்தைச் சேமிக்க ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிய வழக்கமும், அதனால் 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது எழுந்த அச்சமும் பலரும் அறிந்தவை. 1990களின் பிற்பாதியில் அந்தத் திருத்தப்பணியில் பெரும்பங்கு இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் ஏராளமான இளைஞர்கள் கோபால் கற்றதும் அப்போதுதான். எல்லா இடங்களிலும் நான்கு இலக்கமாக மாற்றுவதற்குக் காலமில்லாததால், பலவிடங்களில் ஓர் எல்லை வகுத்தனர். 50க்குக் கீழ் இருந்தால் 20 என்றும், அதற்கு மேல் இருந்தால் 19 என்றும் முன்னால் சேர்த்துப் படி என்பது போன்ற விதி. எல்லை 50 என்பதும் பொதுவானதன்று. ஒவ்வொரு நிரலுக்கும் அதை எழுதியவர் வைத்ததே எல்லை.

நான்காவது, இரவு. பகலில் வாடிக்கையாளர் பரிவர்த்தனைகள், இரவில் வட்டி, ஓய்வூதியம், நிலுவைப் பட்டியல் என்று கணக்குகளை மொத்தமாக ஓட்டுவது மெயின்ஃப்ரேம் உலகின் வழக்கம். விடிவதற்குள் முடிய வேண்டும். தரவு பெருகப் பெருக இரவு போதாமலாயிற்று. மெயின்ஃப்ரேமில் பயன்பாட்டின் அளவுக்கேற்பக் கட்டணம் கூடுவதால், அறிக்கைகளுக்கும் ஆய்வுகளுக்குமான வினவல்களையாவது வேறிடம் கொண்டுசெல்லலாம் என்ற எண்ணம் வலுத்தது.

சொல்லடைவு செய்யும் முறை

பல கணினிகளுக்கு வேலையைப் பகிர்வது புதுக் கண்டுபிடிப்பன்று. 1979ல் தொடங்கிய டெராடேட்டா நிறுவனமும், 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டெவிட் நடத்திய காமா திட்டமும் எஸ்க்யூஎல் போன்ற வினவல்களைப் பல பொறிகளில் இணையாக ஓட்டிக் காட்டின. ஆனால் மலிவான, அடிக்கடி பழுதாகக்கூடிய ஆயிரக்கணக்கான கணினிகளை இணைத்து வேலை வாங்கும் முறை கூகுளிலிருந்து பரவியது. ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் 2004ல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரை அதன் மூலநூல்.

அம்முறையை விளக்க ஒரு பெரிய நூலுக்குச் சொல்லடைவு தயாரிப்பதாகக் கொள்வோம். நூலின் இயல்களை ஐம்பது மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒவ்வொருவரும் தம் பகுதியில் வரும் சொற்களைச் சீட்டுகளில் எழுதுவர். பின் சீட்டுகளை மாற்றிக்கொள்வர். அகரச் சீட்டுகள் எல்லாம் ஒருவரிடம், ககரச் சீட்டுகள் எல்லாம் இன்னொருவரிடம் என்று சேரும். அவரவர் தம்மிடம் சேர்ந்ததைத் தொகுப்பர். எழுதுவது ‘மேப்’, தொகுப்பது ‘ரெட்யூஸ்’. ஒரு மாணவர் நடுவில் நோயுற்றால் அவருடைய இயலை மட்டும் இன்னொருவர் மீண்டும் எழுதினால் போதும். இவ்வேலையில் காலத்தைத் தின்பது இடையில் நிகழும் சீட்டுப் பரிமாற்றமே என்பதையும் நினைவில் கொள்வோம்.

டக் கட்டிங், மைக் கஃபரெல்லா இருவரும் இதே கருத்தில் உருவாக்கிய திறமூல மென்பொருள் 2006ல் ஹடூப் என்ற பெயர் பெற்றது. கட்டிங்கின் மகன் தன் பொம்மை யானைக்கு வைத்த பெயர் அது. ஆனால் இங்கே எஸ்க்யூஎல் இல்லை. எளிய வினவலுக்கும் நீண்ட நிரல் எழுத வேண்டும். 2008 ஜனவரியில் டெவிட்டும் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும், மேப்ரெட்யூஸ் ஒரு பெரும் பின்னடைவு என்று வெளிப்படையாக எழுதினர். நாற்பதாண்டுகளில் தரவுத்தளத் துறை கற்ற பாடங்களை இவர்கள் மறந்தார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. மாலுமியின் காலத்துக்கே திரும்பிவிட்டோம் என்று நாம் அதைச் சுருக்கிச் சொல்லலாம். அவ்விவாதம் 2010 வரை நீண்டது.

அதன் முடிவை வாதங்களைவிடப் பயனர்களே தீர்மானித்தனர். ஃபேஸ்புக் நிறுவனம் உருவாக்கி 2008ல் திறமூலமாக வெளியிட்ட ஹைவ், ஹடூப்பின்மேல் எஸ்க்யூஎல் போன்ற மொழியை அமர்த்தியது. பெர்க்லியில் மட்டேய் ஜகாரியா 2009ல் தொடங்கிய ஸ்பார்க், ஒவ்வொரு கட்டத்திலும் வன்தட்டில் எழுதிப் படிக்கும் தாமதத்தைத் தவிர்த்து, தரவை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தது. ஒரு கணினி பழுதானால், இழந்த பகுதி எவ்வாறு பெறப்பட்டது என்ற வழிமுறைக் குறிப்பைக் கொண்டு அப்பகுதியை மட்டும் மீண்டும் கணக்கிட்டது. 2014ல் ஸ்பார்க்கிலும் எஸ்க்யூஎல் சேர்ந்தது, கூடவே கேட்டலிஸ்ட் என்ற உகப்பாக்கியும். செலிங்கரின் பேரக்குழந்தை என்று அதைச் சொன்னால் தவறாகாது. ஆக, 1974ல் அட்டவணைகளுக்கென்று பிறந்த மொழி, நாற்பதாண்டு கழித்து, அதை மறுத்துப் பிறந்த இயந்திரத்திலும் குடியேறிவிட்டது.

பெயர்ப்பில் நழுவுபவை

இப்போது இடப்பெயர்ச்சிக்கு வருவோம். டிபி2வில் ஓடிய ஒரு வினவலை எழுத்து மாறாமல் ஸ்பார்க்கில் ஓட்டுகிறோம். என்ன நேரும்? சில எடுத்துக்காட்டுகளைச் சற்று விரிவாகவே பார்ப்போம். பிழைச்செய்தி ஏதும் தராமல் விடை மட்டும் மாறும் இடங்கள் இவை.

வரிசை: எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பின்னரே இலக்கங்கள் வரும். ஆஸ்கியில் இலக்கங்கள் முன், எழுத்துகள் பின். ‘ஏ முதல் 9 வரை உள்ள குறியீடுகளை எடு’ என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் வீச்சைக் கேட்டால், மெயின்ஃப்ரேமில் பெரிய எழுத்துகளும் இலக்கங்களும் எல்லாம் கிட்டும். ஸ்பார்க்கில் ஒரு வரிகூடக் கிட்டாது, ஏனெனில் அங்கே 9 என்பது ஏ-வுக்கு முந்தியது. தமிழில் இதற்கு இணையான அனுபவம் நமக்குண்டு. யூனிகோடு எண்வரிசைப்படி அடுக்கினால் நகரத்துக்கு அடுத்து னகரம் வந்து நிற்கும். நம் அகரவரிசையிலோ னகரமே இறுதி மெய். அகராதி அச்சிடுபவர் இதைக் கவனிக்காவிட்டால் சொற்கள் காணாமற்போகும்.

வெறுமை: மதிப்பே இல்லாத இடத்தை எஸ்க்யூஎல் ‘நல்’ என்று குறிக்கும். ஏறுவரிசையில் அடுக்கும்போது டிபி2 இந்த வெறுமைகளைக் கடைசியில் வைக்கும், ஸ்பார்க் முதலில் வைக்கும். ‘கடைசியாகப் பணம் செலுத்திய தேதிப்படி அடுக்கி முதல் 100 பேரை எடு’ என்று கேட்டால், நெடுநாள் செலுத்தாதவர்கள் வர வேண்டிய இடத்தில், தேதியே பதிவாகாதவர்கள் வந்து நிற்பர்.

வகுத்தல்: முழுஎண்ணை முழுஎண்ணால் வகுத்தால் டிபி2 முழுஎண்ணையே தரும். ஸ்பார்க் பின்னத்தையும் தரும். ஒருவர் 119 மாதங்கள் பணியாற்றினார் என்போம். 12ஆல் வகுத்தால் டிபி2வில் 9, ஸ்பார்க்கில் 9.9167. நிறைவுற்ற ஆண்டு ஒன்றுக்கு 1000 ரூபாய் என்று ஒரு விதி இருந்தால், முன்னது 9000 தரும், பின்னது 9916 ரூபாய்க்கு மேல் தரும். ‘நிறைவுற்ற’ என்ற சொல் வினவலில் எங்கும் எழுதப்படவில்லை. அச்சொல்லின் பொருளை வகுத்தல் குறியே சுமந்து நின்றது.

கடைசி இலக்கம்: 10.559 என்ற தொகையை இரண்டு பதின்ம இலக்கங்கள் கொண்ட பத்தியில் இட்டால் டிபி2 மிகுதியை வெட்டிவிடும், 10.55. ஸ்பார்க் முழுமைப்படுத்தும், 10.56. ஒரு பைசாதானே என்று தோன்றலாம். பத்து இலட்சம் கணக்குகளில் ஒவ்வொரு பைசா கூடினால் பத்தாயிரம் ரூபாய். தொகை சிறியதே, ஆயினும் பேரேடு ஒத்துவராது. ஒத்துவராத பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

இடைவெளி: டிபி2 இரு சொற்களை ஒப்பிடும்போது வாலில் உள்ள வெற்றிடங்களைப் பொருட்படுத்தாது. நீளம் நிலையான பத்திகளில் குறைந்த எழுத்துகளை வெற்றிடத்தால் நிரப்புவது அங்கே வழக்கம். ஸ்பார்க்கின் சரங்களுக்கு வெற்றிடமும் ஓர் எழுத்தே. இரு அட்டவணைகளை இணைக்கும்போது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு குறியீடுகள் ஒன்றையொன்று அறியாமல் கடந்துபோகும்.

தேதி: இரண்டு இலக்க ஆண்டைப் படிக்கச் சொன்னால், ஸ்பார்க் 3 அதை 2000 முதல் 2099 வரையிலான ஆண்டாகவே கொள்ளும். 47ஆம் ஆண்டு பிறந்த முதியவர் 2047ல் பிறக்கவிருப்பவராகிவிடுவார். இன்னொரு விந்தையும் உண்டு. ‘தேதி இல்லை’ என்பதற்குக் குறியாக மெயின்ஃப்ரேம் நிரல்களில் 0001 ஜனவரி 1 என்று எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. ஸ்பார்க்கின் பழைய பதிப்புகள் 1582க்கு முந்தைய நாள்களை ஜூலியன் நாட்காட்டிப்படி கணக்கிட்டன. 2020ல் வந்த மூன்றாம் பதிப்பு, கிரிகோரியன் நாட்காட்டியையே பின்னோக்கி நீட்டியது. பழைய பதிப்பில் எழுதிய கோப்பைப் புதியதில் கவனமின்றிப் படித்தால் அந்தக் குறித்தேதி இரண்டு நாள் நகர்ந்துவிடும். அதன்பின் அது குறியாக இராது, வெறும் பழந்தேதியாகிவிடும். போப் கிரிகோரி செய்த சீர்திருத்தம் ஒரு காப்பீட்டு அறிக்கையில் வந்து குறுக்கிடுகிறது என்பது வரலாற்று மாணவருக்குச் சுவையான செய்திதான். அறிக்கை தயாரிப்பவருக்கு அப்படி இராது.

கேளாத வரிசை: ஒரு வினவலில் வரிசை கேட்காவிட்டால் எந்த வரிசையில் தருவது என்பது இயந்திரத்தின் விருப்பம் என்று தரமொழியே சொல்கிறது. ஆயினும் டிபி2வில் தரவு பெரும்பாலும் சேமித்த ஒழுங்கிலேயே வந்துகொண்டிருக்கும். இருபதாண்டு அவ்வாறே வந்தால், அது வாக்குறுதி என்று அடுத்த நிரல் நம்பிவிடும். ஸ்பார்க்கில் நூறு கணினிகள் எது முதலில் முடிக்கிறதோ அது முதலில் தரும்.

இவற்றோடு கோப்பைக் கொண்டுசெல்வதிலேயே ஓர் ஆபத்து உண்டு. எப்சிடிக் கோப்பு முழுவதையும் எழுத்துகள் என்று கருதி ஆஸ்கிக்கு மாற்றினால், பொதிந்த பதின்மத்தில் இருந்த பணத்தொகைகள் சிதைந்துபோகும். காப்பிபுக்கைக் கையில் வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் படிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஆப்ஸா வங்கி இதற்கென்றே கோப்ரிக்ஸ் என்ற கருவியை உருவாக்கித் திறமூலமாக வழங்கியது. காப்பிபுக்கைக் கொடுத்தால் அக்கோப்புகளை ஸ்பார்க் நேரடியாகப் படிக்க அது வழி செய்கிறது. காப்பிபுக் தொலைந்துபோன கோப்புக்கு எந்தக் கருவியும் உதவாது.

எது சரியான விடை?

இவ்வேறுபாடுகள் ஒவ்வொன்றுக்கும் தொழில்நுட்பத் தீர்வு உண்டு. வெறுமைகளைக் கடைசியில் வை என்று வெளிப்படையாக எழுதலாம், வகுத்தலுக்கு வேறு குறி இடலாம், வாலிடைவெளிகளை நறுக்கலாம். பழையதையும் புதியதையும் சில மாதங்கள் ஒரே தரவின்மேல் ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கடினமான கேள்வி அதன்பின்தான் எழுகிறது. இரு விடைகள் மாறுபட்டால் எது சரி?

பழைய விடையே சரி என்பது பொதுவான நடைமுறை. ஆனால் பழைய விடை சரியாக இருந்ததா, அல்லது எல்லோரும் அதற்குப் பழகிப்போனார்களா? பைசாவை வெட்டியது நிறுவனத்தின் முடிவா, டிபி2வின் இயல்பா? ‘நிறைவுற்ற ஆண்டு’ என்பது ஒப்பந்தத்தில் உள்ளதா, வகுத்தலின் விளைவாக வழக்கத்துக்கு வந்ததா? முப்பது ஆண்டுகளாக ஒரு தொகையைப் பெற்று வந்த ஓய்வூதியருக்கு அந்த வேறுபாடு தெரியாது. அவருக்கு அதுவே விதி. அதை எழுதியவர் ஓய்வுபெற்றிருப்பார், சிலர் மறைந்தும் இருப்பர். ஒரு சமூகத்தின் கொடுக்கல் வாங்கல் விதிகள் சட்டநூல்களில் மட்டும் இல்லை, இத்தகைய வினவல்களிலும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் குறைந்து வருகின்றனர். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநரே பொதுவில் கேட்க நேர்ந்ததை நினைவுகூரலாம்.

இடப்பெயர்ச்சி வழுவினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2018 ஏப்ரலில் பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி, தன் வாடிக்கையாளர்களைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. இது ஸ்பார்க்குக்கான மாற்றமன்று எனினும் படிப்பினை பொருந்தும். தரவு பழுதின்றிப் போய்ச்சேர்ந்தது, புதிய அமைப்புதான் தடுமாறியது என்று ஒழுங்குமுறை அமைப்புகள் பின்னர்க் கூறின. பல இலட்சம் பேர் தம் கணக்கைக் காண இயலாது தவித்தனர். 2022 டிசம்பரில் வங்கிக்கு விதித்த அபராதம் 4 கோடியே 86 இலட்சம் பவுண்டுக்கும் மேல். தரவு போய்ச்சேர்ந்தாலே பயணம் முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆகவே இப்பணியை வெறும் இயந்திர மாற்றம் என்று கருதுவது பிழை. இது ஒரு பதிப்புப் பணி. நல்ல பதிப்பாசிரியர் ஏட்டில் கண்டதை எழுதுவதோடு நில்லாமல், பாடபேதம் எங்கே, தாம் எதைக் கொண்டார், ஏன் கொண்டார் என்பதையும் குறித்துவைப்பார். இடம்பெயரும் ஒவ்வொரு வினவலுக்கும் அத்தகைய குறிப்பு வேண்டும். இங்கே வகுத்தல் முழுஎண்ணைத் தந்தது, அது இன்ன விதியின்படி, அதனால் புதிய இடத்தில் இவ்வாறு எழுதினோம் என்று நான்கு வரி போதும். காலக்கெடுவும் செலவும் நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இந்நான்கு வரிதான்.

அதன் தேவை இந்த ஒரு பயணத்தோடு முடிவதுமன்று. நான்காம் பதிப்பு வரும்வரை, எழுத்துகளை எண்ணாக மாற்றச் சொன்னால் ஸ்பார்க் பேசாமல் ‘நல்’ என்று எழுதிவிட்டு மேலே செல்லும். டிபி2 அவ்விடத்தில் பிழை சொல்லி நின்றுவிடும். 2025ல் வந்த நான்காம் பதிப்பில் ஸ்பார்க்கும் இயல்பாகவே பிழை சொல்லி நிற்கும்படி மாறியது. தரமொழியின் விதியை நோக்கி அது எடுத்த நல்ல அடி. ஆனால் அந்த மௌனத்தை நம்பிப் பத்தாண்டு எழுதப்பட்ட வினவல்களும் உலகில் உள்ளன. மெயின்ஃப்ரேமிலிருந்து பெயர்த்து வந்தவர்களின் வினவல்களே இன்று பழைய வினவல்கள் ஆகத் தொடங்கிவிட்டன. அடுத்துப் பெயர்ப்பவர் அவற்றை எடுத்துப் படிக்கும்போது, சொற்களோடு நம் குறிப்புகளும் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும்.